கால் அங்குலச் சரிவு

முதலில் புல்வெளியில் கொடிகள் நட்டார்கள்.
எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு,
தொலைபேசிக் கம்பிக்குச் செம்மஞ்சள்.
எங்கள் காலடியில் இவ்வளவு போக்குவரத்து
பத்து வருசமாய் நடந்ததை
அன்றுதான் அறிந்தோம்.

எட்மன்டன். மில் வூட்ஸ்.
பின்கதவைத் திறந்தால்
ஓடைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும் காணி.
பந்து வைத்தால் நிற்காது.
கதிரை போட்டு இருந்தால்
கோப்பைக்குள் தேநீர் ஒருபக்கம் ஏறி நின்று
எங்களைப் பார்க்கும்.

யோகச்சந்திரன் சாப்பாட்டு மேசையில்
கட்டம் போட்ட தாளை விரித்தான்.
மூன்று தட்டு.
மேல் தட்டு அடுப்படி வாசலோடு,
நடுத் தட்டில் மேசை,
கீழே, வேலியிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி,
நெருப்புக்கு ஒரு வட்டம்.

"நெருப்புக் குழி" என்று தொலைபேசியில் சொன்னேன்.
"தீமிதிப்போ? ஆர் நேர்த்தி வைச்சது?"
மெல்பேர்னிலிருந்து மச்சாள்.
இல்லை, சுற்றியிருந்து கதைக்க.
"கதைக்கிறதுக்குக் குழி வெட்டுறியளோ?"

வெட்டினோம்.
களிமண். மண்வெட்டியை விடாது,
மண்வெட்டியை விட்டால் சப்பாத்தை விடாது.
மே பிறந்த பிறகும்
வேலி நிழலில் ஒரு முழத்துக்குக் கீழே
குளிர்காலம் கட்டியாய்க் கிடந்தது.
அலவாங்கால் இடித்து எழுப்பினோம்.

சரளை வந்த லொறி
வாசலை மறித்துக் கொட்டிவிட்டுப் போனது.
பக்கத்து வீட்டு ஓரெஸ்ட்
தள்ளுவண்டியோடு வந்தார், யோசனைகளோடும் வந்தார்.
பின்னேரம் தள்ளுவண்டியை மட்டும்
திருப்பிக் கொண்டுபோனார்.

அமுக்கும் இயந்திரம் ஒருநாள் வாடகைக்கு.
அன்றிரவு கறி கிண்டும்போதும்
அகப்பை அதிர்ந்தது.

நீர்மட்டத்தின் குமிழி
இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றதும்
"சமம்!" என்று கத்தினேன்.
"பிழை" என்றான்.
அடிக்குக் கால் அங்குலம்
வீட்டைவிட்டு வெளியே சரிய வேணும்.
கண்ணுக்குத் தெரியக்கூடாது.
காலுக்கும் தெரியக்கூடாது.
தண்ணீருக்கு மட்டும் தெரிய வேணும்.

கணக்கு என் பொறுப்பு.
கீழ்த் தட்டுக்கு எத்தனை அங்குலம் சரளை என்று
எழுதிக் கொடுத்தவள் நான்.
கொட்டும்போது இருக்கும் உயரத்தை எழுதினேன்.
அமுக்கினால் அது தாழும் என்பதை
எழுதவில்லை.

கல் பதித்து, இடுக்குகளில் மணல் கூட்டி,
தண்ணீர் தெளித்து இறுகவிட்ட பிறகு
கடைசிப் படி மட்டும்
ஓர் அங்குலம் கூட என்று
முழங்கால் சொன்னது.

ஆறு படியும் ஒழுங்காய் இறங்குபவர்கள்
ஏழாவதில் காற்றை மிதித்தார்கள்.
ஓரெஸ்ட் பியரோடு.
மகள் ஆரணி தோழிகளுக்கு முன்னால்.
"என்ர பிழை, நான்தான் தாழ்த்திப் போட்டன்"
ஒவ்வொரு முறையும் யோகன் எழும்பி நின்று சொன்னான்.
நான் மிக்சரில் கச்சான் பொறுக்கினேன்.

முதல் நெருப்பு யூலையில்.
பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.
இரும்பு வளையத்துக்குள் பேர்ச் விறகு
தன் நிறம் தெரியும்வரை
காத்துக்கொண்டு எரிந்தது.
ஆரணி உள்ளே போய்விட்டாள்.
ஓரெஸ்டின் வீட்டில் விளக்கணைந்தது.

"அந்த ஓர் அங்குலம் என்ர" என்றேன்.
அவன் விறகைப் புரட்டினான்.
பொறி எழும்பி, கம்பி வலை மூடியில் முட்டி
அணைந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
"அப்ப நாளைக்குக் கிளறுறது நீ" என்றான்.

விடியற்காலை மழை.
அடுப்படி யன்னலில் இரண்டு பேரும்
கோப்பைகளோடு நின்றோம்.
மேல் தட்டில் விழுந்த தண்ணீர்
ஒரு கணம் யோசித்தது.
பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல்
வீட்டுக்கு முதுகைக் காட்டி நடந்தது.
"ஓடுது" என்றான். "ஓடுது" என்றேன்.

வேலியிலிருந்து ஒரு மக்பை
மேல் தட்டில் வந்து குந்தி
படி படியாய்த் தத்தி இறங்கியது.
கடைசிப் படியில் மட்டும்
கொஞ்சம் செட்டை விரித்தது.