எந்த ரோஜா

தேன்கனிக்கோட்டை என்று பஸ் போர்டில் இருக்கும்.
ஊர்ப் பேரிலேயே தேன், ஊர்ப் பேரிலேயே கனி.
வைன் பாடத்தின் பாதிச் சொற்கள்
எனக்கு முன்பே இங்கு வந்து இறங்கிவிட்டன.
கோட்டையை மட்டும் நான் பார்த்ததில்லை.

தளி ரிசார்ட்டில் பரிமாறுகிறவன்.
பெங்களூர்க்காரர்கள் விவரம் கேட்கிறார்கள் என்று
மேனேஜர் எழுதச் சொன்ன பரீட்சை.
பீஸில் பாதி அவர், பாதி நான்.
இந்த மாதம் மூன்றாம் பாடம்:
இத்தாலி, வடமேற்கு, பியமோன்தே,
அதற்குள் லாங்கே என்கிற குன்றுகள்.

நெபியா என்றால் அங்கே மூடுபனி.
அறுவடை நேரம் அது குன்றேறி வருவதால்
திராட்சைக்கு நெபியோலோ என்று பேர் வந்ததாம்.
"வந்ததாம்" என்றுதான் புத்தகமும் சொல்கிறது.
இங்கே மூடுபனி இறங்கினால்
ராகிக் காட்டுக்கு யானை வரும்.
நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை,
பட்டாசு வைக்கிறோம்.

எந்தச் சரிவில் உறைபனி முதலில் உருகுகிறதோ
அங்கே நெபியோலோ.
அடுத்த சரிவில் பார்பெரா.
வெயில் தயங்குகிற பக்கம் டொல்செத்தோ;
பேருக்கு அர்த்தம் இனிப்புக் குட்டி, இனிக்காது.
எங்கள் ரிசார்ட்டிலும் சாந்தகுமார் என்று
ஒரு சூப்பர்வைசர் உண்டு.

டானினுக்கு இரண்டு பக்க விளக்கம்:
நாக்கு வறளும், ஈறு இறுகும், கன்னம் உள்ளே போகும்.
துவர்ப்பு.
வாழைப்பூ ஆய்கிற யாரைக் கேட்டாலும்
ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.
பார்பெராவின் புளிப்புக்குத் தர்மபுரிப் புளி போதும்.
ஹேசல்நட்டுக்குத்தான் வழியில்லை,
வறுத்த கடலை என்று வைத்துக்கொண்டேன்.

பரோலோ. பாட்டில் எட்டாயிரம் ரூபாய்.
மணம்: தாரும் ரோஜாவும்.
சத்தமாக மனப்பாடம் செய்தேன்,
தாரும் ரோஜாவும், தாரும் ரோஜாவும்.

அடுப்படியிலிருந்து மாதம்மா கேட்டாள்:
"எந்த ரோஜா?"

பத்து வருஷமாகப் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவள்.
"தாஜ்மஹாலா, ஃபர்ஸ்ட் ரெட்டா?
எதுவா இருந்தாலும் பொய்.
எங்க பூவுக்கு வாசனையே கிடையாது.
பிளைட் ஏறுற பூவுக்கு எதுக்குன்னு
எடுத்துட்டாங்க."

காதலர் தினத்துக்கு லட்சம் பூ அனுப்புகிற தாலுகாவில்
ரோஜா மணம் எதுவென்று தெரியாமல்
பரீட்சைக்குப் போகிறேன்.

சனிக்கிழமை ஏழாம் நம்பர் காட்டேஜில்
பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரம் விட்டுப்போனார்கள்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, மூடி இறுக்கி,
பைக்கின் டேங்க் கவரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.
நீர்த்த ரசம் போல வெளுத்த சிவப்பு.
வாயில் வைத்தால் விடவில்லை.
மூக்கை நுழைத்துத் தேடினேன்.
புத்தகம் சொன்னதெல்லாம் இருந்தது,
அதாவது, புத்தகம் இருந்தது.

மாதம்மா டம்ளரை வாங்கினாள்.
குடிக்கவில்லை. வெகுநேரம் மோந்தாள்.
"பன்னீர் ரோஜா.
சாமி படத்துல போட்டு நாலு நாள் ஆனது."
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"எங்க அப்பா."

ராயக்கோட்டை ரோடு போட்ட வருஷம்
தார் டின்னுக்கு அடியில் விறகு தள்ளுகிற வேலை அவருக்கு.
சோப்புக்குப் போகாது, சாம்பலுக்குப் போகாது,
மண்ணெண்ணெயில் ஊறவைத்தால்
இரண்டு வாடையாக ஆகிவிடும் அந்த லுங்கி.
அவர் போன பிறகும் ஒரு மாசம்
கொடியிலேயே கிடந்ததாம்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
இதை என்னிடம் சொன்னதில்லை.

"இதுக்கா எட்டாயிரம்?" என்றாள்.
ஒரே மடக்கு.
"துவர்க்குது."
டம்ளரைக் கழுவப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்,
சுவர்ப் பக்கம் திரும்பி.

நான் நோட்டில் எழுதினேன்:
பரோலோ, லாங்கே குன்றுகள், நெபியோலோ.
ரோஜா, பன்னீர், வாடியது.
தார்.
தாருக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.
ஒன்றுக்கு ஒரு மார்க்தான்.

வெளியே காட்டுப் பக்கம் பட்டாசு வெடித்தது, மூன்று.
கொஞ்சம் பொறுத்து நான்காவது.
பனி இறங்கியிருக்க வேண்டும்.