இருபத்து நாலில் மீதி

சித்திரை வெயிலில் மாதேஷ் கொண்டுவந்து கொடுத்தான்.
மஸ்கட்டிலிருந்து பெங்களூர் வரை ஏசியில் வந்ததை
ராயக்கோட்டை வழி பஸ்
மாரண்டஅள்ளி சேர்வதற்குள் கூழாக்கிவிட்டது.
தங்கக் காகிதத்தோடு எண்ணினேன், இருபத்து நாலு.
"தின்னுடாதே, தைக்கு வர்றேன், சேர்ந்து தின்னலாம்"
என்றாய் போனில்.
விரலை மடக்கிப் பார்த்தேன். ஒன்பது.
ஒன்பது மாதம் சுமப்பது எனக்குப் புதிதில்லை,
ஆனால் கௌஷிக் வெயிலில் உருகுகிறவன் இல்லை.

முதலில் பிரிட்ஜ்.
மேல்தட்டில் கருவாட்டுக் குழம்பு, கீழே புளித்த மாவு,
நடுவில் உன் தங்கப் பெட்டி, மாப்பிள்ளை மாதிரி.
பத்து நாள் கழித்து ஒன்றை எடுத்து வெளியே வைத்தால்
ஜீப்பை விட்டு இறங்கிய ஆபீசர் போல வேர்த்தது.
வேர்வை காய்ந்த இடமெல்லாம்
சொரசொரவென்று வெள்ளை.
நாக்கில் வைத்தேன். மணல்.
அப்புறம் நெத்திலி.

அடுத்தது புழு மனை.
நம் வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான், உனக்கே தெரியும்.
நமக்கு விசிறி இல்லாத வருசத்திலும்
அதுகளுக்கு ஈரச்சாக்கு தொங்கியது.
தெர்மாமீட்டர் இருபத்தைந்தைத் தாண்டினால்
நடுச்சாமத்தில் எழுந்து தண்ணீர் தெளிக்கிறவள் நான்.
ஐந்தாம் பருவத்துப் புழு இலை தின்னும் சத்தத்தை
மழைச் சத்தம் என்பார்கள்.
எனக்கு அது யாரோ கடன் கணக்கு எழுதுகிற சத்தம்.
அதன் பக்கத்தில் பெட்டியை வைத்தேன்.
சூடு ஏறவில்லை, சரி.
ஆனால் புழுவுக்கு உயிரான ஈரம்
சாக்லேட்டுக்கு வியாதி.
அட்டை நமுத்துப்போய், உள்ளே
மல்பெரி இலை, பிளீச்சிங் பவுடர்.
கௌஷிக் ஒரு கடி கடித்துவிட்டு
"ஆஸ்பத்திரி" என்றான்.

பீரோவில் வைக்கலாமென்றால் அந்துருண்டை.
அரிசி டிரம்மில் வேப்பிலையும் வசம்பும்.
எதன் பக்கத்தில் வைத்தாலும்
அதன் வாசத்தை வாங்கிக்கொள்கிற ஜன்மம்.
மங்கம்மா சிரித்தாள்: "நம்மளாட்டம்."

கடைசியில் கேவுரு டிரம்.
கேவுருவில் வண்டு விழாது, மருந்து வேண்டாம்,
தனக்கென்று சொல்லும்படி வாசமும் கிடையாது.
பால்பவுடர் டப்பாவைக் கழுவி மூன்று நாள் காயவைத்து,
துண்டுகளைத் துடைத்துப் புதுக் காகிதம் சுற்றி,
மூடியைச் சுற்றி டேப் ஒட்டி,
அடுப்புக்கு எட்டாத வடக்கு மூலையில்
முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன்.
தானியம் மூடிக்கொண்டது, ஒன்றும் நடக்காதது போல.
மில்லுக்கு அள்ளும்போதெல்லாம் படியில் தகரம் தட்டும்.
கேவுரு குறையக் குறைய டப்பா தலைதூக்கும்.
நான் இன்னும் கீழே அழுத்துவேன்.

ஐப்பசியில் சொன்னாய்,
தைக்கு லீவு இல்லை, காண்ட்ராக்ட், சித்திரைக்குப் பார்க்கலாம்.
சரி என்றேன்.
அன்றைக்கென்று நெட்வொர்க் நன்றாக இருந்தது.
வேறெதுவும் சொல்லவில்லை.

ராத்திரி தோண்டி எடுத்தேன்.
ஈரம் இல்லை. கருவாடு இல்லை.
ஆனால் எல்லாத் துண்டின் மேலும் மெல்லிசாக
நீறு பூத்திருந்தது.
பூஞ்சணம் என்று குப்பைக்குப் போனவள்
வாசலில் நின்று விரலால் தேய்த்தேன்.
வழவழவென்று அழிந்தது, கீழே பழைய கறுப்பு.
சூடாறிய குழம்பில் நெய் மேலேறி உறைகிற மாதிரிதான்.
முதல் நாள் பஸ்ஸில் உருகியபோதே
உள்ளே இருந்தது கிளம்பியிருக்கிறது.
எத்தனை ஆழத்தில் புதைத்தாலும் வந்திருக்கும்.
கண் பூத்துப்போச்சு என்கிறோமே,
கண்ணா கெட்டுப்போகிறது?

ஒன்று தின்றேன். இனித்தது. உனக்காகச் சொல்லவில்லை.
இன்னொன்று.
மங்கம்மாவுக்கு இரண்டு,
கௌஷிக் எழுந்ததும் கேட்காமலே ஐந்து.
மீதியை மறுபடி டேப் ஒட்டிப் புதைத்திருக்கிறேன், வேடியப்பா.
எத்தனை என்று சொல்லமாட்டேன்.
சித்திரையில் வருவதென்றால்
ராத்திரி பஸ்ஸில் வா.