நிமிடத்துக்கு முப்பது

இரவு ஷிஃப்ட் முடிந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப்
பகலில் படுத்திருந்தேன்.
மரீன் பரேட், இருபத்திரண்டாவது மாடி.
முதலில் கட்டில் என்னை மெல்லத் தள்ளியது.
தள்ளியதா என்று யோசிப்பதற்குள்
அலமாரிக் கதவு தானாகத் திறந்து
தானாகச் சாத்திக்கொண்டது,
வந்த விஷயத்தை மறந்துவிட்ட விருந்தாளி போல.

கூடத்தில் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.
ஒரு மீட்டர் ஒயரில் தொங்கும் பிரம்பு விளக்கு,
தெம்பனிஸில் தள்ளுபடியில் வாங்கியது.
சமையலறையின் குட்டை ஒயர் விளக்கோ
எதையும் கேள்விப்படாதது போல நின்றது.

பதினாறு வருஷத் தாதிக்கு வேறென்ன தெரியும்?
கை கடிகாரத்துக்குப் போனது.
ஓரம் தொட்டு, மறு ஓரம் தொட்டு, திரும்பி வந்தால் ஒன்று.
பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன்.
நிமிடத்துக்கு முப்பது.
மனிதனாக இருந்திருந்தால்
மணியடித்து டாக்டரை வரவழைத்திருப்பேன்.
வீவக கட்டடத்துக்கு இதுதான் நல்ல நாடி போலும்.

வீச்சு சுருங்கியது.
ஒரு சாண். நான்கு விரல். ஒரு விரல்.
மறுபடி எண்ணினேன். அப்போதும் முப்பது.
எவ்வளவு தூரம் ஆடினாலும் நேரம் மாறாது,
அதைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம்:
உயர்நிலை மூன்றில் இதற்கு நான்கு மதிப்பெண் வாங்கினேன்.
நம்பியது இன்றைக்குத்தான்.

லிஃப்டை நம்பாமல் படியில் இறங்கினேன்.
பதினைந்தாவதில் ஒருவர், செருப்பில்லாமல், "நீங்களும்?" என்றார்.
ஒன்பதாவதில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
கீழே கோப்பிக் கடையில்
கோப்பி ஓ-வின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை.
தட்டெடுக்கும் அங்கிள் என் முகத்தைப் பார்த்து
நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைசுற்றல் என்று நினைத்திருப்பார்.

புளோக்குக்குக் கீழே தூண் ஓரமாக ரோஸ்னிதா,
பதினேழாம் மாடி கோ வீட்டில் வேலை செய்பவள்.
தோளில் பிழிந்த துண்டு, கையில் ஃபோன்.
"பெங்குலு" என்றாள்.
அவள் ஊர். அவள் மகன் அங்கே.

அறுநூறு கிலோமீட்டர்.
அங்கிருந்து ஒரு மண் துகள்கூட இங்கே வரவில்லை.
ஒவ்வொரு பாறையும் பக்கத்துப் பாறையை இடித்துவிட்டுத்
தன் இடத்துக்கே திரும்பியிருக்கும்.
இடிப்பு மட்டும் வந்தது,
மூன்றே நிமிடத்தில், குடிநுழைவு முத்திரை இல்லாமல்.
படபடக்கும் குட்டி அலைகள் வழியிலேயே செத்துவிட்டன.
நெடியவை, நிதானமானவை கரையேறி,
கடலைத் தூர்த்த மணலிலும் அதற்கடியில் சேற்றிலும்
கொஞ்சம் பெருத்து,
இங்குள்ள இத்தனை கட்டடங்களில்
தம் தாளத்துக்கே ஆடக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தன.
ஒத்ததிர்வு என்றது பாடப்புத்தகம்.
அதிர்வு சரி. ஒத்த என்பதில்தான் எனக்குத் தகராறு.
அதே அலை.
எனக்குப் போனது தூக்கம்.

அவள் அனுப்பிய செய்தியில் ஒற்றை டிக்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
பிடித்த பிறகுதான் தெரிந்தது எண்ணுகிறேன் என்று.
நூற்றிருபத்து நான்கு.

மேலே விளக்கு நின்றிருக்கும் இந்நேரம்.
காற்று உரசி உரசி எதையும் நிறுத்திவிடும்,
கொஞ்சம் பொறுத்தால் போதும்.
இவளை என்ன வந்து உரசும்?

ஃபோன் அதிர்ந்தது.
இருவரும் குனிந்தோம்.
கோவின் மனைவி:
துணி காயப்போட்டாயா, மழை வரும் போல.

"போட்டேன், மேடம்" என்று தட்டினாள்.
போடவில்லை.
நான் ஒரு மைலோ வாங்கி வந்தேன், அது ஆறியது.
நாலேகாலுக்கு,
மழை உண்மையிலேயே தொடங்கியபோது,
ஒற்றை டிக் இரண்டானது.
நீலமாகவில்லை. சாம்பல்தான்.
ஆனாலும் எங்கோ ஒரு ஃபோனுக்கு உயிர் இருக்கிறது.

அவள் கையை நீட்டினாள்,
எண்ணு என்பது போல.
நூற்றுப் பத்து.