ஒன்பதாம் மாடி, வாடகைக்கு

பதினோராயிரம் சதுர அடி.
மூன்று வருடமாய் நான்தான் அதன் வாய்.
இந்தப் பக்கம் துறைமுகம், அந்தப் பக்கம் பேரை வாவி,
மழை கழுவிய விடியலில் சிவனொளிபாதமும் தெரியும் என்பேன்.
கடைசியது ஒருமுறைதான் தெரிந்தது. அதுவும்
மேகமாய் இருந்திருக்கலாம்.

வங்கி போய்விட்டது. காப்புறுதிக்காரர்
வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள்.
கம்பளத்தில் மேசைக்கால் பதிந்த பள்ளங்கள் மட்டும்
இன்னும் ஒழுங்காய்க் கந்தோருக்கு வருகின்றன.

உரிமையாளர் சபையில் யாரோ சொன்னாராம்,
இனி உயிரித்தொழில்நுட்பம்தான் என்று.
அடுத்த கிழமையே கோட்டை ஸ்டேஷனைப் பார்த்தபடி
விளம்பரப் பலகையில் மரபணு ஏணியொன்று முறுகி நின்றது.
அச்சகத்துத் தம்பி அதை இடப்பக்கமாய் முறுக்கிவிட்டான்.
வந்தவள் வாசலிலேயே அதைச் சொன்னாள்.

கலாநிதி இமேஷிகா. கடலைப் பார்க்கவில்லை.
குதிக்காலால் தரையைத் தட்டி
"எவ்வளவு பாரம் தாங்கும்?" என்றாள்.
இருபது வருடத் தரகில் கேட்டிராத கேள்வி.
"இந்தக் காற்று எங்கே போகும்?"
"சென்ட்ரல் ஏசி, மிஸ்."
"அதைக் கேட்கவில்லை. நாங்கள் விடுவதை
பத்தாம் மாடிக்காரர் சுவாசிப்பார்களா?"
பத்தாம் மாடியில் வரி ஆலோசகர்கள்.
பகிடி விடலாமென்று வாயெடுத்தேன். விடவில்லை.

கழுவிய நீர் எந்தக் குழாயில், அந்தக் குழாய் எந்த வாவியில்.
திரவ நைதரசன் எந்த லிஃப்டில்,
அதே லிஃப்டில் சோற்றுப் பார்சலோடு ஆட்களும் ஏறுவார்களா.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில்.
"பன்னிரண்டு" என்றேன், பெருமையாய்.
"டீசல் இல்லாத வருடத்தில்?"

அந்த வருடம் எனக்கும் தெரியும்.
இரண்டு இரவு வரிசையில், காருக்குள் தூங்கியவன்.
அவளுக்கு அது வேறு கணக்கு:
மறை எண்பது பாகையில் நாலாயிரம் குப்பி,
சிறுநீரகம் பழுதான வயற்காரர்
வெலிஓயாவிலும் நெடுங்கேணியிலும் கை நீட்டித் தந்த இரத்தம்,
ஆறு வருடச் சேகரம்,
ஒரு செவ்வாய் மாலைக்குள் உருகிப் போனது.
அவர்களில் பாதிப்பேரிடம் மறுபடி கேட்க முடியாது என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு குவளை தண்ணீர் கேட்டாள்.
குடிக்கவென்று நினைத்தேன்.
அதை வெறுந்தரையில் வைத்துக் குந்தினாள். நானும் குந்தினேன்,
டையை மடியில் சுருட்டிக்கொண்டு.
மருதானைப் பக்கம் ரயில் போனது. நீரில் ஒரு வளையம்.
பக்கத்துக் காணியில் பைலிங் இயந்திரம் குத்தியது.
வளையம், வளையம், வளையம்.
"என் நுண்ணோக்கிக்கு இது நிலநடுக்கம்."

பிட்டிபனையில் எடுக்கிறார்களாம், வயல் நிரப்பிய தட்டைக் கட்டடம்.
லிஃப்டுக்குள் சொன்னாள், கொஞ்சம் சலிப்போடு,
என் பெடியளுக்கு அங்கே போகவே விருப்பமில்லை,
இரண்டு பஸ் மாற வேண்டும், இரவில் ஒரு கொத்துக்கடை கிடையாது,
அவர்களுக்குப் பிடித்தது இந்த ஊர்தான்,
என் கலங்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

குவளையை யாரும் எடுக்கவில்லை.
தேவையென்றால் சுத்திகரிப்பாளர் எடுக்கட்டும் என்று நான்,
அப்படி ஒருவர் இப்போது இல்லையென்பது மறந்து.
மேலே ஏசிக் குழாய் சொட்டிச் சொட்டி
நீர் குறையாமல் பார்த்துக்கொண்டது.

ஆனி மழைக்குப் பின்
பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படியேறி வந்தார்.
அன்று லிஃப்ட் பழுது.
மூச்சு வாங்கினார், டோர்ச் அடித்தார், குனிந்தார்.
உறிஞ்சுகுழலால் எடுத்துச் சிறு குப்பியில் விட்டு
மூடி, லேபல் ஒட்டினார்:
திகதி, மாடி, நேரம்.
அவளைப் போலவே கவனமாய்.
உள்ளே ஏழெட்டுப் புழுக்கள், வால் துடிக்க,
எந்த அதிர்வையும் பொருட்படுத்தாமல்.

அபராதப் படிவத்தில் 'இடத்தின் பாவனை' என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
"இங்கே என்ன நடக்கிறது?"

ஆய்வுகூடம் என்று வாய் வரை வந்தது.
"காலி" என்றேன்.