மட்டு

பதினான்கு ஸ்பேனர், ஆறு டார்ச்லைட், இரண்டு கடப்பாரை.
தண்டவாளத்தில் இறங்கும்போது எண்ணுவோம்,
ஏறும்போதும் எண்ணுவோம்.
ஒன்று குறைந்தாலும் முதல் ரயில் புறப்படாது.

வீட்டில் எண்ணுவது வேறு.
குளியலறைச் சல்லடை மூடியைத் தூக்கி
கணவர் ஒருநாள் இழுத்தெடுத்தார்,
ஈரமாய், கறுப்பாய், எலிக்குஞ்சு போல.
"யாருடையது?" என்று வேறு கேட்டார்.
அவருக்கு வழுக்கை.
மகனுக்கு என்.எஸ். மொட்டை.

எனக்குப் பெயர் மட்டுவார்குழலி.
மலைக்கோட்டை அம்மன் பெயர், அப்பா வேண்டிக்கொண்டு வைத்தது.
தேன் சொட்டும் கூந்தல்காரி.
மேற்பார்வையாளர் ஆ செங் வாயில் நுழையாமல்
முதல் வாரமே கத்தரித்துவிட்டார்.
ஹெல்மெட்டின் பின்புறம் "மட்டு" என்றுதான் இருக்கிறது.

மூன்று வாரம் எண்ணிப் பார்த்தேன்.
சீப்பில் நாற்பத்தொன்று. தலையணையில் பன்னிரண்டு.
ஹெல்மெட்டின் உள்பட்டையில்
வியர்வையோடு ஒட்டிக் கிடந்ததை எண்ண முடியவில்லை.

நோரிஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடி.
டாக்டர் பிந்து என் தலையைத் தொடவே இல்லை.
நாக்கை நீட்டச் சொன்னார். நாடி பிடித்தார்.
ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி?
ஊறுகாய் உண்டா?
தலைக்கு ஹீட்டர் தண்ணீரா?
யார் மேலாவது கோபமா?
"ஓவர்டைம் பட்டியல் போடுகிறவர் மேல்" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

"முடி என்பது எலும்பு கழித்துப் போடுவது" என்றார்
மலையாளம் மணக்கும் தமிழில்.
"பித்தம் வேரைச் சுடுது, வாதம் பிடுங்கிப் போடுது.
எண்ணெய் தரலாம். எண்ணெய் மட்டும் போதாது.
ராத்திரி பத்து மணிக்குப் படுக்கணும்."

பத்து மணிக்கு நான்
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பேன்.
கடைசி ரயில் போய், மின்சாரம் நின்ற பிறகு
சுரங்கத்துக்குள்தான் எங்களுக்குப் பகல்
என்றேன்.

பேனாவை வைத்துவிட்டார்.
சன்னல் வழியே கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.
"இரவு விழிக்கிறவங்களுக்கும் பழைய வைத்தியர்கள் வழி சொல்லியிருக்காங்க.
விழிச்சதில் பாதி நேரம் தூங்கணும்.
காலையிலேயே. சாப்பிடறதுக்கு முன்னாடி."

எனக்குத் தொண்டை அடைத்தது.
எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர்
கோட்டை வாசலில் வேலோடு நின்றவனையோ
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உட்கார்ந்தே இருந்தவளையோ நினைத்து
இப்படியொரு கணக்குப் போட்டிருக்கிறார்.
எங்கள் கம்பெனியில் இன்னும் யாரும் போடவில்லை.

எண்ணெய் கறுப்பு.
கரிசாலை, நெல்லிக்காய், ஆட்டுப்பால்.
நான் தேய்க்கும்போது மகன் எல்லாச் சன்னலையும் திறக்கிறான்.
தலை கசக்க, பக்கத்து வீட்டு மஸ்னாவின்
நடைவழிச் செம்பருத்தி இலை.
"புங்கா ராயாதானே, எவ்வளவு வேண்டுமானாலும் பறி.
தொட்டியை மட்டும் நகர்த்தாதே,
டவுன் கவுன்சில்காரன் அளந்துவிட்டுப் போயிருக்கிறான்."

விடியுமுன் வீடு திரும்புகிறேன்.
கீழ்க் கோப்பிக்கடைக் கல்லில் பரோட்டா புரளும்.
வெறும் வயிற்றோடு அதைத் தாண்டுவதற்கு
எந்த வைத்தியத்தில் மருந்து இருக்கிறதோ.
படுக்கிறேன். கறுப்புத் தலையணை உறை.
ஒன்பதுக்கு மேல்வீட்டில் ட்ரில் போடுகிறார்கள்.
பாதியிலும் பாதிதான் சில நாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலை
ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
ஆ செங் டார்ச்சை என் நெற்றியில் அடித்தார்.
"மட்டு, ஓரத்தில் என்ன அது, புல்லா?"
தொட்டுப் பார்த்தேன். பூனை மயிர் போல ஏதோ.
சுரங்கத் தூசியாகவும் இருக்கலாம்.

மட்டு என்றால் தேன் என்று
அவருக்கு அன்றுதான் சொன்னேன்.
"ஓ, ஹனி!" என்றார்.
பிளாட்பாரம் முழுக்கச் சிரித்தது, நானும்தான்.
பிறகு வரிசையில் நின்றோம்.
பதினான்கு ஸ்பேனர். ஆறு டார்ச்லைட்.
கடப்பாரை இரண்டு.
சரி.