நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிளேட்

சத்துவாச்சாரியில் காலை நாலே முக்காலுக்கு
இரும்பு விழும் சத்தம் தொடங்கிவிடும்.
தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது பேர்,
வெள்ளைப் பொடி பூசிய பதினெட்டுக் கை.

மூன்று வருடமாக நான்
கறி, முட்டை, பால், தயிர் எதையும் தொடுவதில்லை.
ஏன் என்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
முகாம் டாக்டரிடம் வயிறு என்றேன்.
அம்மாவிடம் பொருத்தனை என்றேன்.
கெசியாவிடம், முட்டிவலி குறைகிறது என்று.
அது பாதி நிஜம்.
கிதியோனுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.
அவன் கேட்கவும் இல்லை.

காட்பாடி மேம்பாலத்தின் காலடியில்
சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் கடை.
பீப் பிரியாணி, சுக்கா, கத்தரிக்காய்த் தொக்கு.
தொக்கில் ஒரு பங்கு எனக்கு.
இலவம்பாடி முள் கத்தரி, காம்போடு,
தனிச் சட்டியில், தனிக் கரண்டியில்.
கரண்டியை நான் கேட்கவில்லை.
பிடியில் பச்சை நூல் சுற்றி
ஒரு நாள் அவனாகவே ஆணியில் மாட்டியிருந்தான்.

கணக்கு இப்படி:
நாளுக்கு நூற்றுப் பத்து கிராம் புரதம்.
சோயா உருண்டை மலிவுதான்;
தின்றுவிட்டுப் பாரைப் பிடிக்கக் குனிந்தால்
வயிறு எல்லார் முன்னாலும் பேசும்.
மல்லாட்டை அணைக்கட்டுப் பக்கமெல்லாம் விளைகிறது,
மூட்டையாகக் கொண்டுவந்து இறக்க ஆளும் உண்டு.
ஆனால் நான் ஐம்பத்தொன்பது கிலோப் பிரிவு,
அது மல்லாட்டைக்குத் தெரியாது.
மிச்சம் பட்டாணிப் பொடி.
அதிலும் சோதனை முத்திரை குத்திய டப்பா.
முத்திரை இல்லாதது ஆயிரத்து நூறு குறைச்சல்.
எதை அரைத்த மெஷினில் இதை அரைத்தார்களோ,
மூத்திரக் குப்பி காட்டிக்கொடுத்தால்
நாலு வருடம் தடை,
ரயில்வேக்குப் போட்ட மனுவும் அதோடு போயிற்று.
ஆக, டப்பா மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
பிளேட்டுக்குக் கையில் நிற்பது இருபது ரூபாய்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிளேட்.

"மாட்டை வித்துப் பட்டாணி வாங்குற குடும்பம்
ஜில்லாவிலேயே நம்மளுதுதான்" என்பான்.
சிரிப்பேன்.
சில நாள் சிரிப்பு வருவதில்லை.

ஐப்பசியில் வீடு மாற வேண்டியிருந்தது.
காந்தி நகரில் ஒரு மாடி, இரண்டு பக்கம் ஜன்னல்.
வீட்டுக்காரர் கேட்டைத் திறக்காமலே
கம்பிக்கு நடுவில் கேட்டார்:
"நீங்க சைவமா?"

மூன்று வருடத்துக்கு முன்னால்
இதே தெருவில், நாலு வீடு தள்ளி,
இதே கேள்விக்கு உண்மையைச் சொல்லி
ஆட்டோவுக்குத் திரும்பி நடந்தோம்.
இப்போது
உள்ளேயிருந்து வரும் காபி வாசனையில் இருக்கிற பால்கூட
எனக்கு ஆகாது.
அவரைவிட ஒரு படி கூடுதலாகவே நான் அது.
ஆமாம் என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்து
உட்கார்ந்தும் விட்டது.

கிதியோன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
துவைத்த சட்டைதான்,
இருந்தும் அதில் பட்டை, கிராம்பு.

"இல்லைங்க.
எங்களுது பீப் கடை."

தெருமுனை வரை ஒன்றும் பேசாமல் வந்தவன்
பெட்டிக்கடை வாசலில் நின்று கேட்டான்:
"எதுக்கு இல்லைன்னு பொய் சொன்ன?"
பொய்யா அது?
அவனுக்கும் ஒரு பதில் தயாரிக்க வேண்டும்.

இன்று நூற்றிரண்டு தூக்கினேன்.
மூன்றாவது முயற்சியில்,
முழங்கை ஒரு நொடி நடுங்கி நின்றது.
போன் செய்து சொன்னேன்.
அந்தப் பக்கம் அண்டா மூடி வைக்கும் சத்தம்,
அப்புறம், "எத்தனை?" என்று மறுபடியும் கேட்டான்,
கேட்காததுபோல.

டப்பாவில் மூன்று நாளைக்கு இருக்கிறது.
வாலாஜா பக்கம் வானம் கறுத்து வருகிறது.
மழை பெய்தால் மேம்பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர்,
கடை கிடையாது.
பாலாறு மணலாய்க் கிடக்கிற இந்த ஊரில்
இன்றைக்கு வேண்டாம் என்று
மேகத்தைப் பார்த்துச் சொல்கிறவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.