பதினொரு விநாடி

டர்பன் மலைமுகட்டில், பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு ஹெட்போன்,
சன்னலுக்குக் கீழே துறைமுகம்.
கிரேன்கள் நாள் முழுக்கப் பெட்டிகளை இடம் மாற்றுகின்றன.
நானும் ஒருவர் வாயிலிருந்து எடுத்து
ஏதோ ஒரு கட்டத்துக்குள் வைக்கிறேன்.

முதுகலை ஆய்வு. சொல்லாட்சிக் கலையும் தொடர்பியலும்.
தூத்துக்குடியிலிருந்து அம்மா கேட்கிறாள்:
"பேசறதுக்கா இவ்வளவு படிப்பு?"

சாட்ஸ்வொர்த் சமூகக் கூடத்தில்
குழாய் வற்றிய பத்தொன்பதாம் நாள் நடந்த கூட்டம்
ஒலிப்பதிவாக என்னிடம் இருக்கிறது.
இரண்டு மணி நாற்பது நிமிடம்.
கூச்சலுக்குச் சாய்வெழுத்து,
குறுக்கே பேசினால் சதுர அடைப்பு,
மூச்சுக்கு ஒரு புள்ளி,
மௌனத்துக்கு எத்தனை விநாடியோ அந்த எண்.

நகராட்சியிலிருந்து வந்த திரு. ஷெசி
'சிரமம் ஏற்பட்டுவிட்டது' என்றார், ஏழு முறை.
ஏற்படுத்தியவர் ஒரு வாக்கியத்திலும் இல்லை.
தேடினேன், அது என் இரண்டாம் இயல்.

பிறகு அந்தப் பெண்மணி எழுந்தார்.
நாற்காலி உரசும் சத்தம்.
ஆங்கிலத்தில், "சார், எங்கள் வீடு மூன்றாவது மாடி" என்று தொடங்கி
நின்றார்.
ஒன்று. இரண்டு.
கூடம் அடங்குகிறது. ஐந்து.
யாரோ இருமலைப் பாதியில் விழுங்குகிறார்.
எட்டு. திரு. ஷெசியின் பேனா
மேசைமேல் உருண்டுபோவது கேட்கிறது.
பதினொன்று.
"தண்ணி."
அன்றைய கூட்டத்தில் அந்த ஒரே சொல் தமிழ்.
உட்கார்ந்துவிட்டார்.

பதினான்கு பக்கம் எழுதினேன்.
கேட்பவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் மௌனம் என்று எழுதினேன்.
காலிக் குடத்தின் ஓசை என்றுகூட எழுதி
வெட்கப்பட்டு அடித்தேன்.
என் நெறியாளர் முனைவர் நொம்புசோ
ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.
அவர் இரண்டு கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க
டாக்சியில் பதினாறாவது ஆளாக இடித்துக்கொண்டு போனேன்.
பீன்ஸ் பன்னியில் பாதியைப் பிட்டு
என் தட்டில் வைத்தார்.
பதிவைப் போட்டுக் காட்டினேன்.
கேட்டார். பிறகு சிரித்தார்,
மேசையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

"அதுவா டார்லிங்? மேல் பல்செட்டு கழன்றுவிட்டது.
நாக்கால் முட்டுக்கொடுத்து நின்றேன்.
'வாட்டர்' என்று வாயைத் திறந்தால்
பல் அந்த ஆள் மடியில் விழுந்திருக்கும்.
'தண்ணி' என்றால் நாக்கு மேலேயே இருக்கும், சொல்லிப் பார்."

சொல்லிப் பார்த்தேன்.
சரிதான்.

தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.
ஆறு நாள் கழித்து வந்ததாம், தேநீர் நிறத்தில்.
பம்புக்கு உதிரிப்பாகம் கிடைத்துவிட்டதாம்.

முனைவர் நொம்புசோவிடம் எதையும் சொல்ல முடியவில்லை.
ஏனென்றால் படிவத்தில்,
'பெயரை மறைக்க வேண்டுமா?' என்ற இடத்தில்
'வேண்டாம், பெரிய எழுத்தில் போடவும்' என்று எழுதி
அதன் கீழே இன்னும் அழுத்தமாக
'பல்லைப் பற்றி மூச்சு விடக் கூடாது' என்று
கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆய்வேட்டில் அவர் பெயர் இருக்கிறது, பல் இல்லை.
இங்கே பல் இருக்கிறது, பெயர் இல்லை.
தமிழில் எழுதுகிறேன்.
அவருக்குப் பேச்சில் பத்துப் பதினைந்து சொல் வரும்,
எழுத்து ஒன்றும் தெரியாது.
ஆய்வு நெறிக் குழு இதற்கு
என்ன பெயர் வைக்கும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வாய்மொழித் தேர்வு.
மூன்றாம் இயலைத்தான் கேட்பார்கள்.
விடுதிக் குளியலறைக் கண்ணாடி முன்
பயிற்சி செய்கிறேன்:
"அந்த இடைவெளியில் பேச்சாளர்"
என்று தொடங்கும்போதெல்லாம்
நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.
ஒன்று. இரண்டு.
குழாய் சொட்டுகிறது.
மூன்று.